யூரிக் அமில அளவும் நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றுதலும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குருதியில் யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் விரைந்து முற்றுகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. அந்த அளவை மருந்தால் குறைத்தால் நோய் தணியுமா என்பது வேறு வினா. 2015-இல் வெளியான கொல்கத்தாச் சோதனை தணியும் என்னும் நம்பிக்கையைத் தந்தது. 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியான பெருஞ்சோதனைகள் அந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. இம்முரணின் காரணத்தை விளக்கி, வெயிலில் உழைப்போர் மிகுந்த கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் யூரிக் அமில அளவை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யூரிக் அமிலம், நாள்பட்ட சிறுநீரக நோய், கரிசல், நீரிழப்பு, பயறு வகைகள், வலிமாத்திரை

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே இதன் அடிப்படை. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியன இம்மண்ணின் பயிர்கள். 1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வேளாண்மைக்காக இயங்கி வருகிறது. மழையற்ற மாதங்களில் தீப்பெட்டித் தொழிலும், சீமைக்கருவேல மரத்தைக் கொண்டு போடும் கரிமூட்டமும், கட்டட வேலையும் மக்களுக்குக் கைகொடுக்கின்றன. பெரும்பாலானவை வெயிலிலோ வெக்கையிலோ செய்யும் வேலைகள்.

இங்கு உழைக்கும் ஒருவர் மூட்டுவலிக்காகக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள, யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராம் எனத் தெரியவருவதாகக் கொள்க. பொதுவாக அதன்பின் மூன்று நிகழ்கின்றன: அளவைக் குறைக்க மாத்திரை தொடங்கப்படுகிறது, பருப்பும் பயறும் விலக்கப்படுகின்றன, வலிக்கு மருந்துக்கடையிலிருந்து வலிமாத்திரை வாங்கப்படுகிறது. இவை சிறுநீரகத்தைக் காக்கின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

யூரிக் அமிலமும் சிறுநீரகமும்

உயிரணுக்களின் மரபுப்பொருளிலும் உணவிலும் உள்ள பியூரின் சிதைந்து இறுதியில் யூரிக் அமிலமாகிறது. பிற பாலூட்டிகள் பலவற்றில் இதனை மேலும் சிதைக்கும் யூரிகேஸ் என்னும் நொதி உண்டு. மனிதரில் அது செயலிழந்துவிட்டது. எனவே யூரிக் அமிலம் உடலைவிட்டு வெளியேறியாக வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும் எஞ்சியது குடலின் வழியாகவும் வெளியேறுகிறது.

சிறுநீரகம் வடிகட்டும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு நுண்குழல்களால் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இங்கு இரண்டு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, சிறுநீரகம் பழுதுற்று வடிகட்டும் வீதம் குறைந்தால் யூரிக் அமிலம் குருதியில் தேங்கும். இரண்டாவது, உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் நீரையும் உப்பையும் தக்கவைக்க முயல்கிறது. அப்போது யூரிக் அமிலமும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் தயசைடு வகை நீர்ப்போக்கு மாத்திரைகளும் இதே விளைவைத் தருகின்றன. ஆகவே உயர்ந்த அளவு ஒன்று, உணவின் மிகுதியை மட்டுமன்றிச் சிறுநீரகத்தின் தளர்ச்சியையோ உடலின் வறட்சியையோ மருந்தின் விளைவையோ காட்டக்கூடும்.

தொடர்பும் காரணமும்

யூரிக் அமிலமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்னும் கருதுகோளுக்கு விலங்காய்வுகள் வலுவூட்டின. யூரிகேஸ் நொதியைத் தடுத்து யூரிக் அமிலம் உயர்த்தப்பட்ட எலிகளில் இரத்த அழுத்தம் உயர்ந்ததும், சிறுநீரக நுண்தமனிகள் தடித்ததும் 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டப்பட்டன. மக்கள்தொகை ஆய்வுகளும் யூரிக் அமிலம் மிகுந்தோரிடம் நோய் விரைவதைக் கண்டன.

எனினும் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வடிகட்டும் வீதம் குறைவதால்தான் யூரிக் அமிலம் உயர்கிறது என்றால், காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. பிறப்பிலேயே யூரிக் அமிலத்தை உயர்த்தும் மரபணுக் கூறுகளைக் கொண்டோரிடம் சிறுநீரக நோய் மிகுதியாக உள்ளதா என 2019-இல் வெளியான ஓர் ஆய்வு தேடியது. காரணத் தொடர்புக்கு அது சான்று காணவில்லை.

மருத்துவச் சோதனைகள் காட்டியவை

இவ்வினாவைத் தீர்க்கும் வழி சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றொரு பிரிவினர்க்குப் போலி மாத்திரையும் தருவதாகும். கொல்கத்தாவில் நடைபெற்று 2015-இல் வெளியான சோதனையில் 93 நோயாளிகளின் முடிவுகள் ஆராயப்பட்டன. ஃபெபுக்சோஸ்டாட் பெற்றோரின் சராசரி வடிகட்டும் வீதம் ஆறு மாதங்களில் 31.5-இலிருந்து 34.7 ஆனது, போலி மாத்திரை பெற்றோரிடம் 32.6-இலிருந்து 28.2 ஆகச் சரிந்தது. இம்முடிவு நம்பிக்கையை விதைத்தது. ஆயினும் அது ஒரே மையத்தில் சிலரிடம் குறுகிய காலமே நடந்த சோதனை.

2018-இல் ஜப்பானிலிருந்து வெளியான ஃபெதர் சோதனை, மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயாளிகள் 443 பேரை 108 வாரங்கள் தொடர்ந்தது. அங்கும் தரப்பட்டது ஃபெபுக்சோஸ்டாட்டே. குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரு சோதனைகள் வெளியாயின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 369 பேரிடம் நடந்த சிகேடி-ஃபிக்ஸ் சோதனையில் அல்லோபியூரினால் யூரிக் அமிலத்தை நன்கு குறைத்தது. ஆனால் வடிகட்டும் வீதம் ஆண்டுக்கு அப்பிரிவில் 3.33 அலகும், போலி மாத்திரைப் பிரிவில் 3.23 அலகும் சரிந்தது. முதல் வகை நீரிழிவு உடைய 530 பேரிடம் நடந்த பெர்ல் சோதனையில் யூரிக் அமிலம் 6.1-இலிருந்து 3.9 மில்லிகிராமாக இறங்கியும் மூன்றாண்டு முடிவில் சிறுநீரகம் பயன்பெறவில்லை.

அளவு இறங்கியது, நோயின் போக்கு மாறவில்லை. இதனடிப்படையில் கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுநெறி, 2024 பதிப்பில், அறிகுறியற்ற யூரிக் அமில மிகையை நோய் முற்றுதலைத் தடுப்பதற்காக மருந்தால் குறைக்க வேண்டாம் எனக் கருத்துரைக்கிறது. கவுட் என்னும் மூட்டுவாதம் உடையோர்க்கு அம்மருந்துகள் தேவையானவை. அது வேறு நோய்க்குறிப்பு. அல்லோபியூரினால் சிலரிடம் உயிருக்கே கேடான தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதும், சிறுநீரகம் தளர்ந்தோரிடம் அவ்வாய்ப்பு மிகுதி என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கன.

வெயிலும் நீரிழப்பும்

மேற்கண்ட சோதனைகள் வெயிலில் உழைப்போரைத் தனியாக எடுத்துக்கொண்டவை அல்ல. எல் சால்வடோர், நிகரகுவா ஆகிய நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடமும், இலங்கையின் வடமத்திய மாகாண உழவரிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இன்றியே சிறுநீரக நோய் காணப்படுகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020-இல் தொண்டைமண்டலப் பகுதியில் இத்தகைய நோயை விவரித்தனர். வெப்பமும் நீரிழப்பும் இதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

இங்கு யூரிக் அமிலத்திற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். கடும் உழைப்பில் தசை சிதைந்து பியூரின் பெருகுகிறது. நீர் குறைந்து சிறுநீர் செறிவடைந்து அமிலத்தன்மை பெறுகிறது. அமிலச் சிறுநீரில் யூரிக் அமிலம் படிகமாகிறது. எல் சால்வடோரின் கரும்புத் தொழிலாளர் சிறுநீரில் இத்தகைய படிகங்கள் காணப்பட்டன. ஆயினும் இக்கருதுகோள் மெய்யென்றே கொண்டாலும் தீர்வு மாத்திரையிலிருந்து தொடங்குவதில்லை. நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகியவற்றை முறைப்படுத்தியபின் தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. கரிசலில் கரிமூட்டம் போடுவோர்க்கும், துண்டுவீதக் கூலிக்காக எழாமல் அமர்ந்து தீப்பெட்டி வேலை செய்யும் பெண்களுக்கும் இது பொருந்தும். கழிப்பறை வசதி இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பர். ஆகவே கழிப்பறையும் சிறுநீரகப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.

உணவும் வலிமாத்திரையும்

யூரிக் அமிலம் என்றதும் பருப்பை விலக்குவது வழக்கமாகிவிட்டது. 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோரிடமே கவுட் பெருகியது. பியூரின் நிறைந்த தாவர உணவுகளுக்கு அத்தொடர்பு காணப்படவில்லை. பால் பொருள்கள் உண்டோரிடம் கவுட் குறைந்தது. உளுந்தும் பாசிப்பயறும் விளையும் வட்டாரத்தில், எளியோரின் முதன்மைப் புரத உணவை இக்காரணத்தால் பறிப்பது தேவையற்ற இழப்பு. மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழ் வெயிலுக்கு ஏற்றது. தாகத்திற்குச் சர்க்கரைக் குளிர்பானம் குடிப்பது தகாது. அதிலுள்ள ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டும். நோய் முற்றியோர்க்குப் புரதம், உப்பு, பொட்டாசியம், நீர் ஆகியவற்றின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். உடல் வீங்கிய நிலையில் மிகுதியாகத் தண்ணீர் குடிப்பது கேடு.

உண்மையான இடர் வலிமாத்திரையில் உள்ளது. டைக்லோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்திற்குள் குருதி பாய்வதற்குத் துணைநிற்கும் புரோஸ்டாகிளான்டின்களைத் தடுக்கின்றன. நீரிழந்த உடலில் இத்தடை திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்க வல்லது. யூரிக் அமிலத்திற்கு அஞ்சி மருத்துவம் தொடங்கியவர், வலிமாத்திரையால் சிறுநீரகத்தை இழக்கும் நிலை இவ்வாறு நேர்கிறது.

ஆய்வாளர் கருத வேண்டியவை

இவ்வட்டாரத்தில் ஆய்வு மேற்கொள்வோர் யூரிக் அமிலத்தை மட்டும் தனித்து அளத்தல் போதாது. கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின், இரத்த அழுத்தம், நீரிழிவு நிலை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் பதிய வேண்டும். வேலை முடிந்த மாலையில் எடுத்த குருதியும், ஓய்வுக்குப்பின் காலையில் எடுத்த குருதியும் ஒப்பிடத்தக்கன அல்ல. மூன்று மாதங்கள் கடந்தும் நீடிக்கும் குறைபாட்டையே நாள்பட்ட நோய் எனக் கொள்ள வேண்டுமாதலால் மறுபரிசோதனை இன்றியமையாதது. கோடையிலும் பருவமழைக்குப் பின்னும் அளந்தால் வறட்சியின் பங்கைப் பிரித்தறியலாம்.

முடிவுரை

யூரிக் அமில உயர்வு நாள்பட்ட சிறுநீரக நோயோடு சேர்ந்து வருகிறது. எனினும் அதனை மருந்தால் இறக்குவது நோயைத் தடுப்பதாகப் பெருஞ்சோதனைகள் காட்டவில்லை. கவுட் உடையோர்க்கு முறையான மருத்துவம் வேண்டும். பிறர்க்கு அந்த அளவு, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சிறுநீர் ஆல்புமினையும் ஆராய்வதற்கான தூண்டுதலாக அமைய வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் முதலிரண்டையும் வீட்டுவாயிலுக்குக் கொண்டு சென்றுள்ளது. கரிசலில் வெயிலில் உழைப்போர்க்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் கிடைப்பதும், வலிமாத்திரை தவிர்க்கப்படுவதும், பயறு உணவு தொடர்வதும் யூரிக் அமில மாத்திரையினும் முதன்மையானவை.