அளவோடு வளரும் ரகசியம்

பயிர் எவ்வளவு உயர வேண்டும், கதிரில் எத்தனை மணி பிடிக்க வேண்டும் என்பதைத் துளியிலும் துளியான ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. அவற்றின் அளவைச் செடியின் செல் எப்படிக் கட்டிக்காக்கிறது? பசுமைப் புரட்சி முதல் புதிய நெல் ரகங்கள் வரை, விடை இந்திய வயல்களிலேயே இருக்கிறது.

பார்த்தால் மகிழ்ச்சி தர வேண்டிய காட்சிதான் அது. ஹரியானாவிலும் பஞ்சாபிலும் மழைக்காலத்தில் பாசுமதி நட்ட வயல்களில், சுற்றியுள்ள பயிரைவிட ஒரு சாண் உயரமாகச் சில நாற்றுகள் தலைதூக்கி நிற்கும். ஆனால் வரப்பில் நிற்கும் விவசாயியின் முகம் சுருங்கிவிடும். வெளிறிய நிறத்தில், மெலிந்து, நெடுநெடுவென்று நிற்கும் அந்தப் பயிர்களில் பல, கதிர் விடுவதற்கு முன்பே காய்ந்துபோகும். பிழைத்தாலும் மிஞ்சுவது பதர்தான். கம்பத்தில் ஏற்றிய கொடிபோல் தனித்துத் தெரிவதால் வட இந்திய விவசாயிகள் இதை ‘ஜண்டா ரோக்’ என்கிறார்கள். ஜப்பானியர் வைத்த பெயர் இன்னும் பொருத்தம்: ‘பகானே’, அதாவது முட்டாள் நாற்று.

காரணம், விதையோடு வரும் ஒரு பூஞ்சாணம். பயிருக்குள் புகுந்து அது சுரக்கும் ஜிப்ரெல்லின் என்ற பொருள் விஷமல்ல. பயிர் தன் வளர்ச்சிக்காகத் தானே தயாரித்துக்கொள்ளும் ஹார்மோன் அது. உயிர் வாழத் தேவையான அதே பொருள் அளவு மீறியதால் பயிர் சாகிறது.

1926ல் தைவானில் பணியாற்றிக்கொண்டிருந்த எய்ச்சி குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, இந்தப் பூஞ்சாணம் வளர்ந்த திரவத்தை வடிகட்டி ஆரோக்கியமான நாற்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பூஞ்சாணம் இல்லாமலே நாற்றுகள் கிடுகிடுவென உயர்ந்தன. 1935ல் டெய்ஜிரோ யபூட்டா அந்தப் பொருளுக்கு ஜிப்ரெல்லின் என்று பெயர் சூட்டினார். பூஞ்சாணத்திடம் கண்டெடுத்த இதைச் செடிகளும் தயாரிக்கின்றன என்பது 1950களில்தான் உறுதியாயிற்று.

ஒரு கிராம் பயிர்த் திசுவில் இது இருப்பது சில நானோகிராம்தான். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தனை சிறிய அளவைச் செடி கூடாமல் குறையாமல் வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி, ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கோடிக்கணக்கானோரின் சோற்றோடும் சப்பாத்தியோடும் சம்பந்தப்பட்ட கேள்வி அது.

வரவும் செலவும்

மனித உடலில் ஹார்மோன் சுரப்பதற்கென்றே தைராய்டு, கணையம் என்று உறுப்புகள் உண்டு. செடிக்கு அந்த வசதி கிடையாது. வளரும் குருத்து, இளம் இலை, முதிரும் விதை ஆகியவற்றின் செல்களே தயாரிப்பாளர்கள். பெரும்பாலும் அவையோ பக்கத்துச் செல்களோதான் நுகர்வோர். ஆகவே கணக்கும் செல்லுக்குள்ளேயே பார்க்கப்படுகிறது.

ஜிப்ரெல்லின் ஒரே மூச்சில் உருவாவதில்லை. செல்லுக்குள் பல படிகளைக் கடந்து, கடைசியாக இரண்டு என்சைம்களின் கை பட்ட பிறகுதான் அது செயல்படும் ஹார்மோனாகிறது. இவற்றை ‘ஜிஏ20 ஆக்ஸிடேஸ்’, ‘ஜிஏ3 ஆக்ஸிடேஸ்’ என்கிறார்கள். மூன்றாவதாக ‘ஜிஏ2 ஆக்ஸிடேஸ்’ என்று ஒன்று உண்டு. முதல் இரண்டும் கட்டியதை இது குலைக்கிறது. இதுவரை 130க்கு மேற்பட்ட ஜிப்ரெல்லின்கள் அடையாளம் காணப்பட்டிருந்தாலும், செடியை வளர்க்கும் திறன் உள்ளவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. மற்றவை பாதி வழியில் இருக்கும் சரக்கு, அல்லது செயலிழக்கச் செய்யப்பட்ட கழிவு.

பள்ளிப் பாடத்தில் வரும் மெண்டலின் நெட்டைப் பட்டாணியும் குட்டைப் பட்டாணியும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஜிஏ3 ஆக்ஸிடேஸைத் தயாரிக்கும் மரபணுவில் ஏற்பட்ட கோளாறுதான் என்பது 1997ல் தெரியவந்தது.

இருப்பு எவ்வளவு என்பது செல்லுக்கு எப்படித் தெரியும்? செல்லின் உட்கருவில் ‘டெல்லா’ என்ற புரதம் வளர்ச்சிக்கு பிரேக் போட்டபடி உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ரெல்லின் வந்ததும் அதற்கென உள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பியை 2005ல் நெற்பயிரில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள். ஹார்மோனும் ஏற்பியும் சேர்ந்து டெல்லாவைப் பிடித்து, அழித்துவிடும்படி அடையாளம் இட்டு அனுப்பிவிடுகின்றன. பிரேக் விலகுகிறது, தண்டு நீள்கிறது.

ஆனால் பிரேக் விலகிய மறுகணமே இன்னொரு வேலையும் நடக்கிறது. ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணுக்கள் அடங்குகின்றன. அதை அழிக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவைப் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடு. நீர் குறைந்தால் பந்து இறங்கும், குழாய் மறுபடி திறக்கும். முட்டாள் நாற்றின் சோகமும் இதில் விளங்கிவிடுகிறது. நாற்று தன் குழாயை மூடினாலும் பூஞ்சாணத்தின் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை மூடும் சாவி செடியிடம் இல்லை.

மற்ற ஹார்மோன்களுக்கும் இப்படிக் கணக்குகள் உண்டு. வேரையும் குருத்தையும் ஆளும் ஆக்ஸினைச் செடி அமினோ அமிலத்தோடோ சர்க்கரையோடோ கட்டிப் பூட்டி வைக்கிறது. மக்காச்சோள விதை முளைக்கும்போது, அப்படிப் பூட்டி வைத்த இருப்பிலிருந்தும் அவிழ்த்துக் கொடுக்கிறது.

குட்டைகள் போட்ட சோறு

1960களில் இந்திய வேளாண்மையின் பெரிய தலைவலி, பயிர்கள் உயரமாக இருந்ததுதான். உரம் போட்டால் கதிர் கனத்தது. கூடவே தண்டும் நீண்டது. ஒரு காற்று மழைக்குப் பயிர் அப்படியே சாய்ந்தது. நிமிர்ந்து நிற்கும் குட்டைப் பயிர் தேவைப்பட்டது.

கோதுமைக்குக் குட்டைத்தன்மை ஜப்பானின் ‘நோரின் 10’ ரகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆர்வில் வோகல் கையாண்ட அதை, மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் தன் ரகங்களில் சேர்த்தார். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் போன்றோரின் முயற்சியால் சோதித்துப் பார்க்கப்பட்ட அந்த மெக்ஸிகோ ரகங்களில் 18,000 டன் விதையை 1966ல் இந்தியா இறக்குமதி செய்தது. 1966-67ல் சுமார் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி அடுத்த ஆண்டே சுமார் 1.65 கோடி டன்னுக்குத் தாவியது. நெல்லில் அதே வேலையைச் செய்தது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல் வெளியிட்ட ஐ.ஆர். 8. அதன் குட்டைத்தன்மை ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்ற சீன வம்சாவளி ரகத்தின் கொடை.

இந்தப் பயிர்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. விடை வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999ல் பிரிட்டனின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ஹார்பர்ட் குழுவினர், குட்டைக் கோதுமையில் பழுதானது டெல்லா பிரேக் என்று காட்டினர். ஹார்மோன் வந்தாலும் பிடிபடாத பிரேக் அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தகைய குட்டைக் கோதுமையில் ஜிப்ரெல்லின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. பிரேக் விலகாததால், தொட்டி இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்துச் செல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

நெல்லின் கதை நேர் எதிர். அங்கே பிரேக் சரியாகவே இருக்கிறது, தயாரிப்பில்தான் குறை. ஐ.ஆர். 8ல் ஜிஏ20 ஆக்ஸிடேஸ் மரபணு ஒன்றின் ஒரு துண்டு காணாமல்போயிருப்பது 2002ல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியானால் கதிரும் சிறுத்திருக்க வேண்டாமா? அங்கேதான் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. இதே என்சைமைத் தயாரிக்க நெல்லிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. பழுதானது முக்கியமாகத் தண்டிலும் இலையிலும் வேலை செய்யும் மரபணு. பூவில் வேலை செய்யும் அதன் சகோதர மரபணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டு மட்டும் குறுகியது, மணிகள் குறையவில்லை.

ஆனால் குட்டைத்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு. டெல்லா மிகுந்த பயிர், மண்ணிலுள்ள நைட்ரஜனை உறிஞ்சுவதிலும் மந்தமாகிவிடுகிறது. வளர்ச்சியைப் பிடித்திழுக்கும் அதே கை பசியையும் பிடித்திழுக்கிறது. நல்ல மகசூலுக்கு உரத்தை அள்ளிப் போட வேண்டிய கட்டாயத்தின் ஒரு வேர் இது. டெல்லாவை எதிர்த்து வேலை செய்யும் ‘ஜிஆர்எஃப்4’ என்ற புரதத்தைக் கூட்டினால், குட்டையாக இருந்துகொண்டே பயிர் நைட்ரஜனைக் கூடுதலாக எடுக்கும் என்று 2018ல் சீன விஞ்ஞானிகள் காட்டினர்.

வெள்ளத்தில் இரண்டு உத்தரவுகள்

ஹார்மோனின் அளவு வாழ்வா சாவா என்று முடிவு செய்வதை வெள்ளத்தில் பார்க்கலாம். பயிர் நீரில் மூழ்கியதும் அதன் உடலில் உருவாகும் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் தேங்குகிறது. அந்த வாயுதான் அபாயச் சங்கு. சங்கைக் கேட்டதும் என்ன செய்வது என்பதில் நெல் ரகங்கள் இரண்டு கட்சி.

அசாமின் ‘பாவ்’ நெல்போன்ற ஆழ்நீர் ரகங்களின் கட்சி, ‘ஏறு’ என்கிறது. மாதக்கணக்கில் வடியாத வெள்ளத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இலையை நீட்டினால்தான் பிழைப்பு. ஆழ்நீர் நெல் ஒரே நாளில் 25 செ.மீ. வரைகூட நீளும். வங்கதேசத்தின் ஓர் ஆழ்நீர் ரகத்தை ஆராய்ந்த ஜப்பானியக் குழுவினர் 2018ல் கண்டது வியப்பானது. எத்திலீன் தட்டி எழுப்பி, ஜிப்ரெல்லினைப் பொழிய வைக்கும் மரபணு வேறெதுவுமல்ல; ஐ.ஆர். 8ல் துண்டு போன அதே மரபணுதான். ஒரு மரபணுவின் உறக்கம் பசுமைப் புரட்சி. அதன் விழிப்பு வெள்ளத்தில் உயிர்ப்பிச்சை.

எதிர்க் கட்சி ‘பொறு’ என்கிறது. ஒடிசாவின் கடலோர மாவட்டங்களில் வரும் வெள்ளம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டு நீளும் பயிர், கையிருப்பு மாவுச்சத்தைச் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் துவண்டு விழுந்து அழுகும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த ‘எஃப்.ஆர். 13ஏ’ அப்படிச் செய்வதில்லை. அதன் ‘சப்1ஏ’ மரபணு டெல்லா வகைப் பிரேக்குகளைக் கூட்டி, ஜிப்ரெல்லின் சொல் எடுபடாமல் செய்கிறது. பயிர் மூச்சை அடக்கி இருந்த இடத்தில் இருக்கிறது.

2006ல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணுவை, ஆந்திராவில் உருவாகி கிழக்கு மாநிலங்களில் பரவலாகப் பயிராகும் ஸ்வர்ணா நெல்லுக்குள் ஒட்டுக்கலப்பின் மூலம் கொண்டுவந்தார்கள். 2009ல் இந்தியாவில் வெளியான ‘ஸ்வர்ணா-சப்1’ இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கும். ஒடிசாவில் 128 கிராமங்களில் நடந்து 2013ல் வெளியான ஆய்வில், வயல் பத்து நாள் மூழ்கியபோது இது சாதாரண ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது தெரிந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. வெள்ளம் அடிக்கடி தேங்கும் தாழ்வான நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களின் கையில் இருப்பதால், கூடுதல் பலன் அவர்களுக்கே கிடைக்க வாய்ப்பு.

கதிரில் ஒரு கத்திரி

செடியின் கணக்கில் மனிதன் கை வைப்பது புதிதல்ல. நாசிக் திராட்சைத் தோட்டங்களில் விதையில்லாக் காய்கள் பருக்க ஜிப்ரெல்லிக் அமிலம் பயன்படுகிறது. வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில், ஆண்மலட்டுப் பயிரின் கதிர் இலையுறைக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர அதையே தெளிக்கிறார்கள். ஆனால் தெளிப்பது ஒரு பருவத்துக்குத்தான். இப்போது கத்திரி மரபணுவிலேயே விழுகிறது.

2025 மே மாதம் டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களில் ஒன்று, ஹைதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ‘கமலா’. சாம்பா மசூரியிலிருந்து உருவான ரகம் இது. குறி வைக்கப்பட்டது சைட்டோகைனின் என்ற ஹார்மோனை அழிக்கும் என்சைமின் மரபணு. கதிர் உருவாகும் இடத்தில் சைட்டோகைனின் கூடினால் மணிகளின் எண்ணிக்கை கூடும் என்பது 2005லேயே ஜப்பானில் தெரிந்த விஷயம். ஆகவே செலவுக் குழாயைச் சற்று அடைத்தார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் சேர்க்கவில்லை. இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022ல் மத்திய அரசு கடுமையான சில விதிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தது.

விளைச்சல் 19 சதவீதம் கூடும், அறுவடை சுமார் 20 நாள் முந்தும் என்கிறது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். சோதனைத் தரவுகள் அதைத் தாங்கவில்லை என்று மரபணு மாற்றப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் 2025லேயே குற்றம் சாட்டின, கழகம் மறுத்தது. திருத்தும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை வெளிநாட்டவரிடம் இருப்பதால், விதையின் உரிமை விவசாயியிடம் நிற்குமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது.

இந்த விவாதத்தைத் தீர்க்க வேண்டியது வெவ்வேறு மண்ணிலும் பருவத்திலும் நடக்கும், எல்லோரும் பார்க்கும்படியான சோதனைகள்தான். ஏனெனில் ஒரு குழாயை அடைத்தால் இன்னொரு குழாய் எங்கோ திறக்கும் என்பது செல்லின் பழைய வழக்கம். குட்டைப் பயிர் உரத்துக்கு ஏங்குவது பயிரிட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதானே முழுதாகப் புரிந்தது?

ஹரியானா விவசாயிக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். வயலில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கும் நாற்றைப் பார்த்ததும் அவர் முதலில் செய்வது, அதை வேரோடு பிடுங்கி எறிவதுதான்.