தாயின் கொலஸ்ட்ராலும் கருவின் வளர்ச்சியும்

கொலஸ்ட்ரால் என்றதும் மாரடைப்பே நினைவுக்கு வருகிறது. இரத்தத்தில் அது குறையக் குறைய நன்மையே என்ற எண்ணம் படித்தவரிடையே வேரூன்றிவிட்டது. கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை இவ்வெண்ணத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

உயிரணுக்களின் சவ்வு உருவாவதற்குக் கொலஸ்ட்ரால் இன்றியமையாதது. கருப்பத்தைக் காத்து நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனும் தாயின் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலிலிருந்தே ஆக்கப்படுகிறது. சிசு தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறனுடையதுதான்; ஆயினும் தொடக்க மாதங்களில் தாயிடமிருந்தும் ஓரளவு பெறுகிறது. ஆகவே, கருவுற்ற காலத்தில் தாயின் கொலஸ்ட்ரால் ஓரளவு உயர்வது இயற்கையே.

சிசுவினால் கொலஸ்ட்ராலை உண்டாக்க இயலாவிடில் நேர்வது யாது? சுமித், லெம்லி, ஓபிட்ஸ் என்னும் மூன்று மருத்துவர்கள் 1964-ல் ஒரு பிறவிக் கோளாற்றை விவரித்தனர். சிறுத்த தலை, ஒட்டிய கால்விரல்கள், அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் குறிகள். கொலஸ்ட்ராலை உண்டாக்கும் இறுதிக் கட்டத்தில் ஏற்படும் தடையே அதற்குக் காரணம் என்பது 1993-ல்தான் புலனாயிற்று.

அங்ஙனமாயின் குறை தாயிடம் இருந்தால்? அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1,058 தாய்மாரைப் பற்றி நடந்த ஆய்வு 2007-ல் வெளியாயிற்று. கொலஸ்ட்ரால் மிகக் குறைந்திருந்தோரில் நூற்றுக்கு 12.7 பேர் குறைமாதத்தில் பிரசவித்தனர். நடுத்தர அளவுடையோரில் 5 பேரே. நிறைமாதக் குழந்தைகளும் சராசரி 150 கிராம் எடை குறைந்திருந்தன. மூன்று கிலோ குழந்தைக்கு இது பெரிதன்று. 2,500 கிராம் எல்லையை ஒட்டிப் பிறக்கும் குழந்தைக்கு இது சிறிதும் அன்று. உறுப்புக் குறைகள் மிகுந்ததாகத் தெரியவில்லை. கொலஸ்ட்ரால் மிக உயர்ந்திருந்தோரிடமும் குறைப்பிரசவம் மிகுதியாகவே காணப்பட்டது.

இவ்வாய்வை நம் கிராமங்களுக்கு அப்படியே பொருத்துதல் தவறு. குறைப்பிரசவத் தொடர்பு வெள்ளையினத் தாய்மாரிடம் மட்டுமே காணப்பட்டது. கறுப்பினத் தாய்மாரிடம் காணப்படவில்லை. கொலஸ்ட்ரால் குறைவே காரணமா, அன்றி அது ஊட்டக்குறைவின் அடையாளம் மட்டுமா என்பதையும் இத்தகைய ஆய்வு தீர்மானிக்க இயலாது. எனவே, நெய்யையும் வெண்ணெயையும் மிகுதியாக உண்ணுமாறு எவருக்கும் அறிவுரை கூறலாகாது. வயிறார உண்ணுகிறாளா, மாதந்தோறும் எடை ஏறுகிறதா, இரத்தசோகை உளதா என்பவற்றையே களப்பணியாளர் முதலில் கவனித்தல் வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டுவரும் பெண் கருவுற்றால், அம்மருந்தைத் தொடரலாமா என்பதை உடனே மருத்துவரிடம் கேட்டறியுமாறு சொல்லுதல் வேண்டும்.