ஆவுடையார்கோவில் படையலும் நம் வீட்டு உணவும்

ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி ஆலயத்துக் கருவறையில் ஆவுடையார் பீடம் உண்டு. அதன்மேல் லிங்கம் இல்லை. அருவமான அப்பெருமானுக்குப் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்லின்மீது பரப்பி, கீரையும் பாகற்காயும் உடன் வைத்து, எழும் ஆவியையே நிவேதனமாக்குவது வழக்கம். இவ்வட்டாரத்தில் உழுவோரும் நெய்வோரும் உண்ணும் உணவும் ஏறக்குறைய இதுவே.

புழுங்கலரிசியை எளிதென எண்ணற்க. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து அரிசிக்குள் இறங்குகிறது. இவ்வுண்மையை விளக்கியவற்றுள் குன்னூரில் 1918இல் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சியும் ஒன்று. அச்சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அந்நிறுவனம் 2020இல் வகுத்த கணக்கின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை; 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். 350 கிராம் அரிசி உண்டால் சுமார் 27 கிராம் கிடைக்கிறது. மீதியைக் கீரையும் பாகற்காயும் ஈடு செய்யமாட்டா. 60 கிராம் பருப்போ பயறோ சேர்ந்தால் 13 கிராமும், 200 மில்லி பாலோ தயிரோ சேர்ந்தால் ஆறரைக் கிராமும் கூடி, பெண்ணின் கணக்கு நேராகும். மேலும், அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. இட்லியும் பொங்கலும் இவ்விரண்டையும் இணைக்கும் பண்டங்களே.

இனி, வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நியாயவிலைக் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு மலிவு விலையில் தரப்படுகிறது. நால்வருள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராமே வரும். அதையே நீர்த்த சாம்பாராக்கி, ‘தினமும் பருப்பு உண்கிறோம்’ என்று நாம் மனநிறைவு கொள்கிறோம்! கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, நிலக்கடலை இவை புரதத்தில் துவரைக்குத் தாழ்ந்தவை அல்ல.

இரும்புச்சத்தின் நிலை இதனினும் கடினம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் சோகை உடையவர்கள். தார் சுற்றும்போது கண் இருள்வதும், களையெடுக்கையில் மூச்சு வாங்குவதும் வயதின் குற்றமன்று. பெரும்பாலும் இரத்தக் குறைவே. மாதவிலக்குள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 போதும். எனினும் பல வீடுகளில் பெண்களே கடைசியில் உண்கின்றனர். குழம்பின் அடியில் எஞ்சிய பருப்பே அவர்கள் பங்கு. கம்பும் கேழ்வரகும் எள்ளும் கீரையும் சேர்த்தாலும் இந்த 29ஐ எட்டுவது அரிது. ஆகவே கர்ப்பிணிகளும் சோகையுடையோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை விடாது உண்ணவேண்டும். கீரையே போதும் என்போர் சொல்லைக் கேட்டு மாத்திரையை நிறுத்தலாகாது.

தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடலிற் சேரும். அதனை மிகுவிப்பது ‘சி’ ஜீவசத்து. பாகற்காயில் அது நிறைய உண்டெனினும் சமைக்கையில் ஒரு பகுதி அழியும். புளியில் புளிப்பு உண்டேயன்றி இச்சத்து சொற்பமே. எனவே கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும், உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்பதும் நலம். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் பொருள் குறைகிறது. இதற்கு மாறாக, உண்டவுடன் பருகும் தேநீர், சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். தறியைவிட்டு எழுந்து உண்டதும் தேநீர்க் கடைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துச் செல்வார்களாக.

பயறு விலை ஏறுகிறதென்று அங்கத்தினர் பலர் முறையிடுகின்றனர், நியாயமே. ஆயினும் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்து வம்பனிலேயே உள்ளது. அவ்வூர்ப் பெயருடனே உளுந்து ரகங்கள் வெளிவந்துள்ளன. நெல் அறுத்த வயலில் ஈரம் நிற்கும் இடத்தில் உளுந்தோ பாசிப்பயறோ விதைத்து, விளைந்ததை முழுதும் விற்றுவிடாமல் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் வீதம் வீட்டில் நிறுத்திக்கொண்டால், நால்வருக்கு ஆண்டுக்கு 88 கிலோ ஆகும். நெசவாளர் குடும்பங்கள் அப்பயறை அறுவடைக் காலத்திலேயே விவசாய அங்கத்தினரிடமிருந்து நேரே கொள்ளலாம்.