விடுபட்ட ஒரு சொல். பறிபோன உரிமை: 'ஷரேட்' திரைப்பட டிவிடிகளின் தரம் வேறுபடுவது ஏன்?

ஹாலிவுட்டின் புகழ்பெற்ற உளவுத் திரைப்படங்களுள் ஒன்றான 'ஷரேட்', பல நிறுவனங்களின் பெயரில், பல விலைகளில், ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட தரத்தில் டிவிடிகளாக வெளியாகியுள்ளது. படத்தின் தொடக்கத்தில் இடம்பெறும் பதிப்புரிமை அறிவிப்பில் ஒரு சொல் விடுபட்டதே இதற்குக் காரணமாகும்.

ஸ்டான்லி டோனன் இயக்கத்தில் கேரி கிராண்ட், ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த இப்படம் 1963 டிசம்பரில் வெளியானது. இரண்டாம் உலகப் போரின்போது திருடப்பட்ட 2,50,000 டாலரைத் தேடி, கொலையுண்ட ஒருவரின் மனைவியைச் சிலர் பாரிஸ் நகரில் பின்தொடர்வதே கதை.

நடந்த தவறு என்ன?

அக்காலத்தில் நடைமுறையில் இருந்த அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், வெளியிடப்படும் படைப்பில் உரிய அறிவிப்பு இடம்பெற வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. 'பதிப்புரிமை' என்னும் சொல், அதன் சுருக்கம், வட்டத்துக்குள் 'சி' எழுத்துள்ள குறியீடு ஆகியவற்றுள் ஒன்றும், உரிமையாளரின் பெயரும் அதில் இருத்தல் வேண்டும்.

'ஷரேட்' படத்தில் ஆண்டு, யுனிவர்சல் நிறுவனம் மற்றும் டோனனின் நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள், 'அனைத்து உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை' என்ற வாசகம் ஆகிய அனைத்தும் இருந்தன. ஆனால், 'பதிப்புரிமை' என்ற சொல்லோ குறியீடோ இல்லை. இதனால் வெளியான உடனேயே இப்படம் அமெரிக்காவில் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாக மாறியது.

பார்வையாளருக்கு என்ன பாதிப்பு?

வீடியோ கேசட்டுகளின் காலம் தொடங்கியபோது இத்தவறின் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. தயாரிப்பாளர்களுக்குக் கட்டணம் செலுத்தாமலேயே எவரும் படத்தை நகலெடுத்து விற்க முடிந்தது. விலை குறைந்தது, கூடவே தரமும் குறைந்தது. கைக்குக் கிடைத்த பழைய பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்ட நகல்கள் பலவற்றில் வண்ணங்கள் மங்கியும், ஒலி தெளிவற்றும், அகலத்திரைக் காட்சிகளின் ஓரங்கள் வெட்டப்பட்டும் இருந்தன.

சட்டம் நகலெடுக்கும் உரிமையைத்தான் அனைவருக்கும் அளித்தது; மூலப் படச்சுருளை அளிக்கவில்லை. தரமான பதிப்பை உருவாக்க நல்ல மூலப் பிரதியும், அதைச் சீரமைக்கும் செலவும் தேவை. அத்தகைய பதிப்புகளை அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் டிவிடியாகவும், 2010-இல் ப்ளூ-ரேயாகவும் வெளியிட்டது. இயக்குநர் டோனனும் திரைக்கதையாசிரியர் பீட்டர் ஸ்டோனும் வழங்கிய விளக்க உரை இவற்றில் இடம்பெற்றுள்ளது.

இன்று இத்தவறு நிகழுமா?

நிகழாது. பெர்ன் உடன்படிக்கையில் அமெரிக்கா இணைந்ததைத் தொடர்ந்து, 1989 மார்ச் 1 முதல் வெளியாகும் படைப்புகளுக்கு அறிவிப்பு கட்டாயமில்லை. எனினும், 'ஷரேட்' இழந்த உரிமை இதனால் மீளவில்லை.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பு உருவானதுமே உரிமை தானாகக் கிடைக்கிறது. பதிவு செய்வதும் கட்டாயமல்ல. திரைப்படங்களுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை இவ்வுரிமை நீடிக்கும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பழைய திரைப்படங்களின் டிவிடி அல்லது ப்ளூ-ரே வாங்குவோர் வெளியீட்டு நிறுவனத்தின் பெயர், எந்தப் பிரதியிலிருந்து படம் எடுக்கப்பட்டது, அகலத்திரை அளவு முழுமையாக உள்ளதா ஆகிய விவரங்களை உறையில் சரிபார்ப்பது நல்லது. 'ஷரேட்' போன்ற படங்களில், உறையின் மீதுள்ள நட்சத்திரங்களின் படம் எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றாக இருக்கலாம். உள்ளே உள்ள காட்சி ஒன்றாக இருப்பதில்லை.

பண்பாட்டு முக்கியத்துவம் கருதிப் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், 2022-ஆம் ஆண்டு 'ஷரேட்' சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.