நெய்யாற் கட்டிய கோயில்: பீக்கானேர் மரபுக்கதை ஒன்று

தார்ப் பாலைநிலத்திலே ராவ் பீக்காவினால் 1488 இல் நிறுவப்பட்ட பீக்கானேர் நகரின் பழைய பகுதியில் இரு கோயில்கள் அருகருகே உள்ளன. ஒன்று அரச ஆதரவு பெற்ற இலட்சுமிநாதர் ஆலயம். மற்றையது ஐந்தாம் தீர்த்தங்கரரான சுமதிநாதருக்குரிய பண்டாசர் சமணக் கோயில். அதனைக் கட்டுவித்தவன் பண்டாசா என்னும் வணிகன் என்பர். வணிகச் சாத்துகள் செலுத்திய சுங்கத்தால் அரசும், அரசின் காவலால் வணிகமும் வாழ்ந்தமையை நோக்குமிடத்து, இவ்வயல்மை தற்செயலானதன்று.

சமணக் கோயிலின் தூண்களையும் ஓவியங்களையும் பார்த்து நின்ற எமக்கு, அங்கு செல்வோர் யாவருக்கும் சொல்லப்படும் கதை கூறப்பட்டது. நீர் அரிதாகையால் 40,000 கிலோ நெய் ஊற்றிச் சாந்து குழைத்தனராம். கோடையில் இன்றும் தளத்தில் நெய் கசியுமாம். (மெட்ரிக் அளவை இந்தியாவிற் சட்டமானது 1956 இல், தொகையேனும் இவ்வுருவிற் பிற்பட்டதே.) சுண்ணாம்பை நீற்றுதற்கே நீர் வேண்டும். ஆகவே கதை மெய்யா பொய்யா என்பதினும், அது எதனை மறைக்கின்றது என்பதே எமக்கு முதன்மையான வினாவாகும். நீரின்றிக் கோயில் எழுந்ததெனில், ஆழ்கிணறுகளில் நீர் இறைத்தோரும் அதனைச் சுமந்தோரும் கட்டடத்தின் வரலாற்றிலிருந்தே மறைந்துவிடுகின்றனர். நெய்தானும் வானத்திலிருந்து பொழிந்ததன்று. வறண்ட மேய்ச்சல் நிலத்துக் குடும்பங்களின் உழைப்பு அது. கதையிலோ அவ்வுழைப்பு வணிகனின் வள்ளன்மையாக உருமாறி நிற்கின்றது.

நீர் கொணர்ந்தோர் யாவரென வழிகாட்டியிடம் வினவினோம். அவர் நெய்க் கதையை மீண்டும் தொடக்கத்திலிருந்து கூறலானார்.