செத்தவனின் பெயரில் வாழ்ந்தவன்

'டொன்' என்ற ஹிந்திப் படத்தின் பெயரைச் சொன்னாலே நமது வாலிபப் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கதாநாயகனின் கோட்டும் நடையும்தான். 1978இல் அமிதாப் பச்சன் நடித்து வெளிவந்த அந்தக் கதை, 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா'வாகத் தமிழுக்கும் வந்தது. ஆனால், சகோதரிகளே, அந்தக் கதையில் நெஞ்சைத் தைக்கிற இடம் வேறு.

கடத்தல் கும்பலின் தலைவன் டொன், பொலிஸாரிடம் சிக்கும்போது இறந்து போகிறான். இதை அறிந்தவர் டி சில்வா என்ற பொலிஸ் அதிகாரி ஒருவரே. அவர் மையித்தை இரகசியமாகப் புதைத்துவிட்டு, டொனின் முகச்சாயலில் இருக்கும் விஜய் என்ற தெருப்பாடகனைத் தேடிப் போகிறார். விஜயோ பெற்றோரைப் பிரிந்த இரண்டு பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் ஏழை. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பை அதிகாரி ஏற்கிறார். விஜய் டொனாகக் கும்பலுக்குள் நுழைகிறான். ஏழையின் சம்மதம் எப்போதும் பிள்ளைகளின் பெயரால்தான் வாங்கப்படுகிறது!

இங்கேதான் கதையின் முடிச்சு. விஜய் யார் என்ற உண்மை டி சில்வா ஒருவரிடம் இருக்கும் அமானிதம். எழுத்தில் இல்லை, இரண்டாவது சாட்சியும் இல்லை. அவர் சுடப்பட்டு இறந்ததும் விஜய் டொனாகவே பிடிபடுகிறான். கத்தியும் கதறியும் பார்க்கிறான், பொலிஸார் நம்பவில்லை. அவன் டொன் அல்ல என்று தெரிந்ததும் கும்பலும் அவனைக் கொல்லத் தேடுகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் கும்பலின் விபரங்கள் அடங்கிய சிவப்பு டயறி. அதையும் ஒருவன் திருடிப் போய்விட்டான். அவன் வேறு யாருமல்ல, விஜய் வளர்க்கும் அந்தப் பிள்ளைகளின் வாப்பாதான்!

ரோமா என்ற பெண்ணையும் சொல்லவேண்டும். கும்பலை விட்டு விலக நினைத்த அவளது சகோதரனை டொன் கொன்றுவிட்டான். பழிவாங்கவே அவளும் உள்ளே நுழைகிறாள். தான் கொல்லத் துடிக்கும் முகத்தின் பின்னால் ஓர் அப்பாவி இருப்பது அவளுக்குத் தெரியாது.

கதையை எழுதியவர்கள் ஸலீம் கான், ஜாவேத் அக்தர் இருவரும். தயாரிப்பாளர் நரிமான் இரானி கடனில் மூழ்கியிருந்தவர். அவரைத் தூக்கிவிடவே நண்பர்கள் கூடி இப்படத்தை எடுத்தார்கள். படம் வெளிவருமுன் அவர் விபத்தில் மவுத்தானார். நடிப்பை விட இந்தச் செய்திதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

2006இல் ஜாவேத் அக்தரின் மகன் பர்ஹான், ஷாருக் கானை வைத்து இதே கதையை மீண்டும் எடுத்தார். அதில் போதைவஸ்து வியாபாரமே மையம். டி சில்வாவே பொலிஸ் வேடத்தில் மறைந்திருக்கும் ஒரு கடத்தல்காரன்தான். படம் முழுவதும் அப்பாவி விஜய்க்காக நாம் இரங்கிக்கொண்டிருக்க, கடைசியில் உயிரோடு இருப்பவன் டொன் என்று தெரியவருகிறது. ஆஸ்பத்திரியிலேயே ஆளை மாற்றிவிட்டான்.

அப்படியானால் தீபு என்ற சிறுவனை வளர்த்த விஜய்? டொனின் பெயரிலேயே இறந்து போய்விட்டான். பழைய படத்தில் அவனது பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. புதிய படத்தில் அவனுக்காக ஒருவர் அழும் காட்சிகூட இல்லை.