ஒரே இணைப்பில் இரண்டாவது ரூட்டர்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வின்பொருட்டுச் செல்லும்போது, அங்கத்தினர்கள் கணக்கு வழக்குகளைப் பற்றி மட்டுமின்றி வேறொரு விஷயத்தைக் குறித்தும் நம்மை வினவுகின்றனர். தெருப்பக்கத்து அறையில் இண்டர்நெட் குறைவின்றிக் கிடைக்கிறது. பின்கட்டில் தறி போட்டிருக்கும் இடத்திற்கு வந்தால் எட்டுவதில்லை. அதற்காக இன்னோர் இணைப்பு வாங்கி மாதந்தோறும் இரட்டைக் கட்டணம் செலுத்தலாமா என்பது அவர்களது கேள்வி. வேண்டியதில்லை என்பதே நமது விடை. இருக்கும் இணைப்பிலேயே இரண்டாவது ரூட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்க்கும் முறை பிசகினால், நன்றாக நடந்துகொண்டிருந்த முதல் ரூட்டரும் பயனற்றுப் போகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வீட்டுச் சௌகரியம் மட்டும் பற்றிய விஷயமன்று. நெசவாளருக்குச் சேலையின் மாதிரிப் படமும் வண்ண விவரமும் இன்று கைபேசியிலேயே வருகின்றன. கூலி வங்கியில் சேர்ந்த செய்தியும் அதிலேயே வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சுமார் 63,000த்தைக் கணினிமயமாக்க 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே சங்க அலுவலகத்தில் இணைப்பு அறுந்தால் அன்றைய பட்டுவாடாவே நின்றுவிடக்கூடும்.

நாம் கண்ட ஒரு சங்கத்தில் அப்படியேதான் நடந்தது. கிடங்கிலும் இண்டர்நெட் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், ஊழியர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரூட்டரைக் கொணர்ந்து ஒரு கம்பியால் இணைத்துவிட்டார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கணினிகளை இயக்கியபோது ஒன்று வேலை செய்தது, மற்றிரண்டும் செய்யவில்லை. கைபேசியில் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இணைப்புக் கொடுத்தவர்களைக் குறை கூறியே இரண்டு நாட்கள் கழிந்தன. பயிர்க் கடனுக்காக வந்தவர்கள் திண்ணையில் காத்திருந்துவிட்டுத் திரும்பினர். பழைய ரூட்டரின் கம்பியைப் பிடுங்கிக் கணினிகளை மறுபடி இயக்கியதும் யாவும் சரியாகிவிட்டன. பிடுங்கியதோடு விஷயத்தை முடித்துவிட்டார்கள். காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை.

காரணம் இதுதான். ரூட்டருடன் சேரும் ஒவ்வொரு கைபேசிக்கும் கணினிக்கும் ஓர் எண் தேவை. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். அந்த எண்ணை வழங்கும் பணிக்கு டி.ஹெச்.சி.பி. என்பர். சங்கத்தில் புதிய அங்கத்தினர் சேர்ந்தால் பதிவேட்டைப் பார்த்து எழுத்தர் எண் கொடுப்பதைப் போன்றதே இது. எண்ணுடன் கூட, "வெளியே செல்லும் வழி இன்னது" என்ற தகவலையும் ரூட்டர் சொல்லி அனுப்புகிறது. கடையில் வாங்கும் ரூட்டர் ஒவ்வொன்றும், ஊரிலேயே தான் ஒருவன்தான் எழுத்தர் என்ற நினைவோடு வருகிறது. இரண்டு எழுத்தர்கள் இரண்டு தனிப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஒரே சங்கத்திற்கு எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எண் இருவருக்குப் போய்விடும். அதைவிடக் கேடு, இரண்டாவது ரூட்டர் "வெளியே செல்லும் வழி நானே" என்று சொல்லிவிடுகிறது. அதற்கோ வெளி இணைப்பே கிடையாது. அதனிடம் எண் பெற்ற கணினிகள் முட்டுச் சந்தில் நிற்கின்றன. போதாக்குறைக்கு, 192.168.1.1 என்ற ஒரே முகவரியைத் தனக்குரியதாகக் கொண்டு வரும் ரூட்டர்கள் பல. இரண்டும் அவ்வாறிருந்தால் குழப்பம் இரட்டிக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் 1996இல் தனியார் உபயோகத்திற்கென உலகெங்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் எல்லா வீட்டிலும் அதே எண்ணைக் காண்கிறோம்.

நமது ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருப்பதை யாவரும் அறிவர். குடவோலைத் தேர்தலுக்காகப் பேசப்படும் அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் சொல்லப்படுகிறது. ஏரிக்குப் பொறுப்பு ஒரு வாரியமே. கிளை வாய்க்கால் எத்தனை வெட்டினாலும், மடை திறக்கும் முறையை வகுப்பது ஓரிடமாக இருந்தால்தான் கடைமடைக்கு நீர் சேரும். இரண்டாவது ரூட்டரையும் கிளை வாய்க்காலாக்கிவிட வேண்டும். இன்னொரு வாரியமாக்கக் கூடாது.

செய்முறைக்கு வருவோம். முதலில் இரண்டாவது ரூட்டரைத் தனியே வைத்து மின்சாரம் கொடுக்கவும். பழைய ரூட்டரோடு அதை இன்னும் இணைக்க வேண்டாம். பழைய சரக்கானால், ரீசெட் என்னும் சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடிக்குமேல் அழுத்தினால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். கணினியையோ கைபேசியையோ அதனுடன் சேர்த்து அந்த முகவரியைத் திறக்கவும். "ஆக்சஸ் பாயிண்ட்" என்ற வகை அதில் இருக்குமானால் அங்கத்தினருக்கு அதிருஷ்டமே; அதைத் தேர்ந்தெடுத்தால் கீழ்க்கண்டவற்றில் பெரும்பகுதியை அதுவே செய்துகொள்ளும்.

இல்லையெனில் நாமே செய்ய வேண்டும். முதல் ரூட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரையில் வழங்குகிறது என்று பார்த்துக்கொள்ளவும். அது 192.168.1.100 முதல் 200 வரை வழங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வரம்பிற்கு வெளியே, உதாரணமாக 192.168.1.2 என்பதை இரண்டாவது ரூட்டரின் சொந்த முகவரியாக மாற்றவும். மாற்றியதும் அது ஒருமுறை அணைந்து எழும். இனிப் புதிய முகவரியில்தான் அதைத் திறக்க முடியும். அடுத்து வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதவும். கடைசியாக, டி.ஹெச்.சி.பி. பணியை நிறுத்திவிடவும். நிறுத்திய பிறகு அதனிடம் தனியாகச் சேரும் கைபேசிக்கு எண் கிடைக்காது; பழுதாகிவிட்டதென்று அஞ்ச வேண்டாம், எண் கொடுக்க வேண்டியவர் முதல் ரூட்டரே.

பிறகு கம்பியை இணைக்கலாம். ரூட்டரின் பின்புறத்தில் ஒரு துவாரம் தனி நிறத்தில் "வேன்" என்ற எழுத்துக்களோடு இருக்கும். மற்றவை "லேன்" எனப்படும். முதல் ரூட்டரின் லேன் துவாரத்திலிருந்து இரண்டாவதன் லேன் துவாரத்திற்கு ஒரே ஒரு கம்பி. தனி நிறத்துத் துவாரத்தைக் கண்டவுடன் அதிலேயே சொருகத் தோன்றும். இம்முறைக்கு அது காலியாகவே இருக்கட்டும். வேகம் கூடுமென்று எண்ணி இரண்டு கம்பிகளைப் பூட்டுவோரும் உண்டு. அப்போது செய்தி அவ்விரண்டினுள்ளும் செக்கு மாடுபோல் சுற்றி, முழு அமைப்பும் ஸ்தம்பித்துவிடும்.

வேன் துவாரத்தில் இணைப்பது எக்காலும் தவறென்று சொல்லமாட்டோம். அப்படி இணைத்தால், இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் தனி வலை ஒன்று உண்டாகிறது, அதற்கு 192.168.2.1 போன்ற வேறு வரிசை எண் கொடுத்தாக வேண்டும். அப்போது அதன் டி.ஹெச்.சி.பி. பணியை நிறுத்தலாகாது. சங்க அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வருவோர் போவோருக்கு வைஃபை கொடுக்க இரண்டாவது ரூட்டரை இவ்வாறு இணைத்துவிட்டு, கணக்குக் கணினிகள் முதல் ரூட்டரில் பத்திரமாக இருப்பதாகச் சில காரியதரிசிகள் கருதுகின்றனர். உண்மை நேர்மாறானது. பின்னால் இருப்பவரால் முன்னால் உள்ள வலையை எட்ட முடியும். முன்னால் இருப்பவரால்தான் பின்னால் உள்ளதைச் சுலபமாக எட்ட முடியாது. பிரிக்க வேண்டுமானால் சங்கத்தின் கணினிகளே இரண்டாவதன் பின்னால் இருக்க வேண்டும். விருந்தினருக்கென்று தனி வலை தரும் வசதி முதல் ரூட்டரிலேயே இருந்தால் அது இன்னும் எளிது. அங்கத்தினர்களின் சேமிப்பும் கடனும் எழுதப்பட்ட கணினி, டீக்கடைக்கு வந்தவரின் கைபேசியோடு ஒரே வலையில் இருப்பதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நம் நாட்டில் 2005 ஜனவரியில்தான் லைசென்ஸ் தேவை நீங்கியது. முன்னாளில் வானொலிப் பெட்டிக்கே தபாலாபீஸில் கட்டணம் செலுத்திய தலைமுறை நம்முடையது என்பதை இளைஞர்கள் நம்ப மறுக்கலாம். இவ்வலைவரிசையில் 13 தடங்கள் உண்டு. ஆயினும் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாதவையாக வழக்கத்தில் கொள்ளப்படுபவை 1, 6, 11 என்னும் மூன்றே. முதல் ரூட்டர் 1இல் இருந்தால் இரண்டாவதை 6இலோ 11இலோ வைக்கவும். இரண்டிற்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டால், தெருவறையிலிருந்து தறிக்கு நடக்கும்போது கைபேசி தானே மாறிக்கொள்ளும். சில கைபேசிகள் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டு பிடிவாதம் செய்வதுண்டு. வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் கனத்த சுவரைத் துளைப்பதில் அது பின்தங்கியது.

தறி மரத்தாலானது, அதனால் பெரிய இடையூறு இல்லை. தகரக் கூரையும், இரும்பு பீரோவும், தண்ணீர்த் தொட்டியும், ஈர நெல் மூட்டைகளின் அடுக்கும்தான் அலையைத் தடுப்பவை. ரூட்டரை அலமாரிக்குள் வைத்துத் துணியால் மூடுவோரிடம் என்ன சொல்வது? உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கவும். கம்பி இழுக்க வழியில்லாதோர் கம்பியின்றிப் பரப்பும் ரிப்பீட்டரை வாங்கலாம். வேகம் ஏறத்தாழப் பாதியாகலாம் என்பதை அறிந்து வாங்கவும். அலை அடியோடு எட்டாத இடத்தில் அதை வைத்துப் பயனில்லை. பாதி வழியில் வைக்க வேண்டும்.

கம்பி 100 மீட்டருக்கு மேற்படலாகாது. செம்பு முலாமிட்ட அலுமினியக் கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. நெடுந்தூரத்திற்கு அவை உதவா. வீட்டிலிருந்து வயல் கிணற்று மோட்டார் கொட்டகைக்குத் திறந்தவெளியில் செம்புக் கம்பி இழுப்பதை நாம் வன்மையாகத் தடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அருகில் இடி விழுந்தால், அக்கம்பி வழியே பாயும் மின்சாரம் இரு முனையிலும் உள்ளவற்றைக் கருக்கிவிடும். கையில் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. அங்கே கண்ணாடி இழைக் கம்பியே தகும்.

பழைய ரூட்டருக்கு வேறெதனுடைய அடாப்டரையும் சொருக வேண்டாம். 9 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் முனையில் ஒன்றுபோலவே தோன்றும். எண்ணைப் படித்துப் பார்க்கவும். மின்தடையின்போது முதல் ரூட்டருக்கு மட்டும் பாட்டரி வைத்திருந்தால் பின்கட்டு இருளிலேயே இருக்கும், இரண்டிற்கும் வேண்டும். எல்லாம் முடிந்த பின், இரண்டாவது ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை ஒரு சீட்டில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவிடவும். கடவுச்சொல்லை அங்கே எழுத வேண்டாம். அதைச் சங்கமாயின் காரியதரிசியிடமும், வீடாயின் பெட்டியிலும் வைக்கவும்.